கடிகாரத்துக்குள் மெர்லோ

கடிகாரம் ரிப்பேர் செய்பவருக்கு ஒரே ஓர் ஆசைதான். மனைவி தன்னோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். நர்ஸ் வேலை முடிந்து வரும் அந்த அம்மாள், எதிர்வீட்டு அக்காவோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். அவள் சிரிப்பு கதவைத் தாண்டி வந்து இவர் காதில் விழும். கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பு முழுக்க இவருடையதாக இருந்தது.

ஒருநாள் வீடியோவில் மெர்லோ என்ற கருந்திராட்சையைப் பற்றிப் பார்த்தார். அதன் சிவப்பு ஒயின் மெத்தென்று இறங்குமாம், புதிதாகக் குடிப்பவர்களுக்கும் பிடிக்குமாம். ஆழம் தெரியாமல் காலை விட்டார். ஒரு பாட்டில் வாங்கி, கூடத்துப் பெண்டுலக் கடிகாரத்தின் வயிற்றுக்குள் ஒளித்தார். வீடியோவில் பார்த்தபடி ஒயினை ருசித்துப் பேச ஒரு வாரம் குளியலறையில் ஒத்திகை பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. அவளும் வந்து உட்கார்ந்தாள்! அவர் பாட்டிலை வெளியே எடுத்துக் கிளாஸில் ஊற்றினார்.

"முதல்ல சுத்தணும்."

"எதைங்க?"

"கிளாஸைத்தான். அப்புறம் மோந்து பாக்கணும்."

ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினார். "ஆஹா! பிளம்ஸ் தெரியுது. செர்ரி தெரியுது. அடியில லேசா மண் வாசனை!"

"மண் வாசனையா? எப்படிங்க இவ்வளவு கரெக்டாச் சொல்றீங்க?"

கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் சிரித்தாள். அதே சிரிப்பு. இத்தனை நாள் ஏங்கியது வீண்போகவில்லை என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார்.

"தலை லேசாச் சுத்துது. மெர்லோ அப்படித்தான், மெதுவாத்தான் ஏறும்."

"ஏங்க, அது பீட்ரூட் ஜூஸ்."

தலைசுற்றல் அந்த நொடியே நின்றது.

"அப்போ மெர்லோ?"

"ரிப்பேர்காரர் வீட்டுக் கடிகாரமே ஓடலையேன்னு திறந்து பாத்தேன். பெண்டுலத்தை ஆடவிடாம பாட்டில் உக்காந்திருக்கு! எனக்குத் தெரியாமக் குடிக்கப் போறீங்கன்னு நெனச்சு நானும் அக்காவும் காலி பண்ணிட்டு, பீட்ரூட் ஜூஸை ஊத்தி வெச்சோம். மெர்லோ நல்லா மெத்துன்னுதான் இருந்துச்சு."

"உன்னோட உக்காந்து குடிக்கத்தானே வாங்கினேன்..."

அவள் முகம் கனிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு ஒயின் எதுக்குங்க? நாளைக்கும் உக்காரலாம். கேரட் ஜூஸ் போடுறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. அக்காவும் வராங்க. நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் பழம் பழமாச் சொல்றதை அவங்களும் பாக்கட்டும்."