டெலக்ஸ் அக்காவும் வான்கப்பல் பெண்களும்

வான்வெளிக்குப் போன பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் மதுரையில்தான் இருந்தார். அவரை டெலக்ஸ் அக்கா என்போம். அவர் வாங்கிக் கொடுத்த வேலைகளில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது வேறு விஷயம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி எங்களை நடக்கவிட்ட பெரிய மனிதர்கள் கொடுத்ததும் அதே அளவு உண்மைதான்.

வைகையின் வடகரையில், வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் நாங்கள் இருந்தோம். அக்காவுக்கு நூல் ஏற்றுமதிக் கம்பெனியில் டெலக்ஸ் மிஷினில் வேலை. வெளிநாட்டுக்குச் செய்தி தட்டி அனுப்புவது, வந்த செய்தியைக் கிழித்து முதலாளியிடம் கொடுப்பது. பகலெல்லாம் சொற்களை மிச்சம் பிடித்துப் பழகியவர், சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படியே பேசுவார். "ரசம் தேவை. அவசரம்." சமையல்கார அம்மா சளைத்தவர் இல்லை. "ரசம் தீந்துருச்சு. மோர் அனுப்புறோம்" என்பார்.

எண்பதுகளின் முதல் பாதி அது. எங்களுக்கு எட்டியது இலங்கை டிவி மட்டும்தான். அதற்கும் மொட்டை மாடியில் உயரக் குழாய் நட்டு, ஆன்டெனா மாட்டி, பூஸ்டர் வைக்க வேண்டும். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் முடித்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்திருந்த என்னிடம் குழாயைத் திருப்பும் பொறுப்பை விட்டிருந்தார்கள். நான் மாடியில் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழேயிருந்து "வருது, வருது, ஏ போச்சுடி" என்று குரல் வரும். வருகிற இடத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்குவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வான்வெளித் தொடர் வரும். வெளிநாட்டில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்ததாம். ஒரு வயதான கேப்டன், ஒரு வான்கப்பல், கூடத் துணைக்கு ஒரு பெண். கேப்டன் எப்போதும் அவரேதான். பெண்தான் மாறிக்கொண்டே இருப்பாள். துணைப் பெண்ணின் கடமைகளை நான் மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அது என்ன சத்தம் என்று கேட்பது. திறக்காதே என்ற கதவைத் திறப்பது. ஓடும்போது கால் சுளுக்கிக்கொள்வது. கேப்டன் விளக்கம் சொல்கையில் வாய் பிளந்து நிற்பது. கடைசியில், அந்த வாரம்தான் சந்தித்த ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவன் கிரகத்திலேயே தங்கிவிடுவது. கேப்டன் கையசைத்துவிட்டுக் கிளம்புவார். மறுவாரம் புதுப் பெண் கதவைத் திறப்பாள். போனவளின் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

அந்த வேக இங்கிலீஷ் எங்களில் பலருக்குப் புரியாது. அடியில் ஓடும் சிங்கள எழுத்து யாருக்குமே தெரியாது. அதனால் அக்கா டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். முதலில் ஒழுங்காகத்தான் சொன்னார். முதல் பெண் கல்யாணம் பண்ணிக்கொண்டு தங்கிய அன்று நிலைமை மாறியது. மாப்பிள்ளைக்குத் தலை தேன்கூடு மாதிரி. கூடத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா பல்லைக் கடித்தார்.

"படிச்சவ. மிஷினெல்லாம் தெரிஞ்சவ. இந்தத் தேன்கூட்டு மண்டையனுக்குச் சோறு பொங்கவா அம்புட்டுத் தூரம் போனா?"

"அக்கா, இப்ப அவன் என்னக்கா சொல்றான்?" என்றாள் ஒருத்தி.

அக்கா ஒரு கணம் யோசித்தார். "இந்தக் கிரகத்துக்கு இவளத்தான் சீஃப் இன்ஜினியராப் போட்ருக்காகளாம். கட்டாயம் வந்து சேரணும்னு கெஞ்சுறான்."

அன்று தொடங்கியது. அதற்கு அடுத்தவள் ஒரு வியாபாரி மகனைக் கட்டினாள். அக்கா சொன்னபடி அவள் அந்த ஊர்க் குடிநீர் வாரியத்துக்கு அதிகாரியானாள். அதற்கும் அடுத்தவள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். எனக்குப் பாதி இங்கிலீஷ் புரியும். ஒருநாள் தனியாகப் பிடித்தேன்.

"அக்கா, அவன் கல்யாணம்னுதான சொன்னான்?"

"சிக்னல் சரியில்லடி."

"நல்லாத்தான இருந்துச்சு. நான்தான கட்டிட்டு வந்தேன்."

"நம்ம பக்கம் நல்லாத்தான் இருந்துச்சு. அவுக பக்கந்தான் சரியில்ல."

அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவனியாபுரத்தில் தம்பி வீடு இருந்தது. அதில் எல்லாருக்கும் இடம் இருந்தது, அக்காவைத் தவிர. விடுதி அறையை விட்டால் அவருக்குப் போக வேறு இடம் கிடையாது. விடுதிக் கமிட்டியும் அவரை எப்போது வெளியேற்றலாம் என்று காத்திருந்தது. கல்யாண வயதுப் பெண்கள் இருக்கும் இடத்தில் கல்யாணமாகாத நாற்பது வயது இருந்தால் தொற்றிக்கொள்ளும் என்று அவர்களுக்குப் பயம்.

வெளியேற்ற ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள், எங்கள் விடுதியிலேயே இருந்த பாண்டீஸ்வரி. சோழவந்தான்காரி, கொடிக்கால் வைத்து வெற்றிலை விவசாயம் செய்யும் குடும்பம். இங்கே எக்ஸ்ரே நிலையத்தில் வேலை. அக்கா சொன்ன கதை முழுவதையும் நம்பியவள். ஊரில் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்றாராம் மாப்பிள்ளை. இவள் காபித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, "சரிங்க. உங்க ஊர்ல எனக்கு என்ன போஸ்டிங்?" என்று கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் அப்பா விடுதி வாசலில் நின்றார். "எம்மகளுக்கு இந்தப் பேச்சச் சொல்லிக் குடுத்தது எவ?"

"யாரும் சொல்லிக் குடுக்கலப்பா. டிவில வருது" என்றாள் பாண்டீஸ்வரி, காட்டிக்கொடுக்கிறோம் என்பதே தெரியாமல்.

கமிட்டித் தலைவி கார் போட்டுக்கொண்டு வந்தார். பட்டுச் சேலை, கையில் விசிறி. அக்காவை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்தார். "வர்ற வெள்ளிக்கிழமை இந்தப் பிள்ளையோட அப்பாவும் நானும் உக்காந்து பாக்குறோம். நீ பக்கத்துல இருந்து எங்களுக்கும் சொல்லு. நல்ல கதையா இருந்தா நீயும் இருக்கலாம், டிவியும் இருக்கலாம். புள்ளைகளக் கெடுக்குற கதைன்னா ரெண்டும் வெளிய."

வெள்ளிக்கிழமை மாடிக்குப் போகுமுன் அக்காவிடம் கேட்டேன். "ஆன்டெனாவக் கொஞ்சம் திருப்பி விட்டுறவா? ஒண்ணுந் தெரியாது. தப்பிச்சிரலாம்."

"வேணாம். நல்லாத் தெரியட்டும்" என்றார் அக்கா.

அன்று போல் படம் என்றுமே தெளிவாக வந்ததில்லை. முன்வரிசையில் தலைவி, அவர் பக்கத்தில் பாண்டீஸ்வரியின் அப்பா. அவர் காலடியில் பாண்டீஸ்வரி. கதை பாதி போனதுமே எனக்கு விளங்கிவிட்டது. இந்த வாரமும் கல்யாணம். ஒரு குட்டி ராஜா இந்தப் பெண்ணின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான். நான் குனிந்து அக்காவின் காதில் சொன்னேன்.

"கல்யாணந்தான்க்கா. உள்ளத உள்ளபடி சொல்லிருங்க. கமிட்டிக்கு இதவிட நல்ல கதை கெடைக்காது."

அக்கா தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. திரையில் மேளம் போல் ஏதோ ஒலித்தது. பெண் வெள்ளை உடையில் வந்தாள். பாண்டீஸ்வரி திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கல்யாணமா?" என்றார் தலைவி முகம் மலர்ந்து.

அக்கா பாண்டீஸ்வரியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "இல்லீங்கம்மா. சார்ஜ் ஒப்படைக்கிற விழா."

"மோதிரம் போடுறானே?"

"அது ஆபீஸ் சாவி. அங்க விரல்ல மாட்டிக்கிருவாக."

"எல்லாரும் பூப்போடுறாக?"

"ஸ்டாஃப்ங்க. புது ஆபீசர வரவேற்குறாக."

அப்போது பார்த்துக் குட்டி ராஜா அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். பாண்டீஸ்வரியின் அப்பா துண்டால் கண்ணை மூடிக்கொண்டார். தலைவியின் விசிறி நின்றது.

"இது?"

"கையெழுத்துங்க" என்றார் அக்கா. "அங்க பேனா கெடையாது."

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீ டெக்னிக்கல் படிச்சவ. பொய் சொல்ல மாட்ட. என்ன நடக்குது இங்க?"

"சார்ஜ்தாம்மா" என்றேன். "அந்தப் பொண்ணு இனிமே அங்க சீனியர்."

மற்றவர்களையும் கேட்டார். வாரா வாரம் அக்காவின் மடியில் சாய்ந்து கதை கேட்டவர்கள், அவர் சொன்ன வேலைகளை வைத்துக் கனவு கண்டவர்கள், எல்லோரும் அன்று தங்கள் நகத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா" என்றாள் ஒருத்தி. உண்மைதான். உண்மையைப் போலக் கோழைக்கு உதவுவது வேறில்லை.

அக்கா அந்த மாதத்தோடு அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். எனக்கு எச்சரிக்கை. டிவி அங்கேயே இருந்தது; தலைவிக்கே அந்தத் தொடர் பிடித்துப்போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். பாண்டீஸ்வரியை அன்றே ஊருக்குக் கூட்டிப் போனார்கள். ஆவணியில் கல்யாணம். பத்திரிகை விடுதிக்கு வந்தது. அறை அறையாகப் பெயர் எழுதியிருந்தது, அக்காவின் பெயரைத் தவிர. கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே அவளுக்கு யாரும் எந்தச் சார்ஜும் ஒப்படைக்கவில்லை. மாமியாரின் கண்ணைப் பார்த்துத்தான் என்னிடம் சிரித்தாள்.

அதற்கு முன்பே, அறையைக் காலி செய்யச் சொன்னதும் அக்கா தம்பி வீட்டில் கேட்டிருந்தார்; ஆடி கழியட்டும் என்றார்களாம். ஆடி கழிந்தாலும் அந்தச் சாக்கு கழியாது என்று அக்காவுக்குத் தெரியும். வீடு தேடி அலைந்தோம். எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான். செல்லூரில் விசைத்தறிக் கொட்டகைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. தறிக்காரர் நல்ல மனிதர். அவரும் அதைத்தான் கேட்டார்.

"கூட யாருங்க? தனிப் பொம்பளைக்கு விடுறதில்ல. தப்பா எடுத்துக்கிறாதீக. துணைக்கு ஆள் இருந்தா இன்னிக்கே வாங்க."

அக்கா தெருப் பக்கம் திரும்பினார். அன்று விடுதி அறையைக் காலி செய்யும் நாள்; அவருடைய டிரங்குப் பெட்டி என் கையில் இருந்தது. கனமான பெட்டி. அதைக் கீழே வைத்தேன்.

"நான்தாண்ணே கூட" என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். படியேறும்போது, "கட்டில் ஒண்ணுதான் போட முடியும்" என்றார்.

"பாய் போதும்க்கா."

"நீயும் ஒருநாள் போயிருவ."

"போவேன். போனா லெட்டர் போடுவேன்."

முதல் வாரம் தறிச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. சுவரும் பாயும் பல்லும் சேர்ந்து ஆடின. பிறகு பழகியது. அங்கே டிவி கிடையாது. போனவர்களைப் பற்றி அக்கா அடிக்கடிப் பேசுவார். கேப்டன் மறந்த பெண்கள் எல்லோருடைய பெயரும் அவருக்கு வரிசையாகத் தெரியும். பாண்டீஸ்வரி பெயரையும் அதில் சேர்த்திருந்தார்.

எனக்கு இப்போது திருநெல்வேலிக்கு மாற்றலாகிவிட்டது. அமைதியான தெரு, காற்று வரும் அறை. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை அக்காவைப் பார்க்க மதுரைக்கு பஸ் ஏறுகிறேன்; தறிக்காரர் கணக்கில் இன்னும் நான்தான் துணை. செல்லூர்ச் சந்துக்குள் திரும்பி முதல் தறிச் சத்தம் காதில் விழும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.