அவநம்பிக்கை மீட்டர்

காந்திபுரத்தில் அந்த லாட்ஜ் வாசலில் அப்படியொரு கூட்டம்! டவுன் பஸ்கள் நகர முடியாமல் அலறின. உள்ளே சாமியாரா? சேச்சே! தொண்ணூறுகள் பிறந்துவிட்டன, கோயம்புத்தூர்க்காரர்கள் அப்படியெல்லாம் ஏமாறுவார்களா? சாமி ஆடினால் சிரிப்பார்கள். மீட்டரில் முள் ஆடினால்தான் கும்பிடுவார்கள்.

"பன்னாட்டுப் பேராசிரியர்" மோகன்குமாருக்கு இது நன்றாகத் தெரியும். எந்த நாட்டு உடம்பு இங்கிலீஷ் மருந்தை எவ்வளவு நம்ப மறுக்கிறது என்று அவருடைய கருவி அளந்து சொல்லுமாம். ஜெர்மன்காரனுக்குப் பன்னிரண்டு. ஜப்பான்காரனுக்கு இருபது. கொங்கு உடம்புக்குத் தொண்ணூறு! பரீட்சையில் தேறியவர்கள்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இங்கிலீஷ் மருந்துக்குப் பதிலாக அவர் விற்ற தைலத்தை வாங்கிப் போனது சனம்.

கருமத்தம்பட்டித் தறிக்காரர் சுப்பண்ணனுக்கும் தொண்ணூறு. அன்றோடு சர்க்கரைக்குப் போட்டுவந்த ஊசியை நிறுத்திவிட்டார். காலில் இருந்த புண் கறுத்தது. இப்படியே விட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். ஊசியை மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்லி மன்றாடினாள் மனைவி மயிலாத்தாள்.

"என்ற ஒடம்பு ஒத்துக்காதுன்னு மிசினே சொல்லிப்போட்டுது. கம்முனு இரு அம்மணி" என்றார் சுப்பண்ணன்.

கம்மென்று இருக்கிற ரகமா அவள்? அடுத்த முறை தைலம் வாங்கக் கிளம்பியவரோடு தானும் பஸ் ஏறினாள், பையில் ஒரு சுரைக்காயோடு.

லாட்ஜில் பேராசிரியர் ஒவ்வொருவர் கையையும் உப்புத் தண்ணீர்ப் பஞ்சால் துடைத்துவிட்டு, இரண்டு கம்பிகளைப் பிடிக்கச் சொன்னார். மயிலாத்தாளின் முறை வந்தது. கம்பிகளை வாங்கினாள், சதக்கென்று சுரைக்காயில் குத்தினாள். முள் துள்ளியது. தொண்ணூறு!

"ஏனுங்க, இந்தச் சொரக்காய்க்கு எந்த ஆசுபத்திரி மேலீங்க கோவம்?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. "அதுக்கும் உயிர் இருக்கும்மா!" என்று பேராசிரியர் பதறினார்.

"செரிங்க, உங்களையும் பாத்துப்போடலாம்." முந்தானையால் அவர் கையை ஈரமில்லாமல் அழுந்தத் துடைத்து, கம்பிகளைத் திணித்தாள். முள் சோம்பலாக எழுந்து பன்னிரண்டில் நின்றது.

"அட, இவரு ஜெர்மன்காரருங்கோ!" என்று யாரோ கத்த, லாட்ஜே அதிர்ந்தது.

"கையி நனைஞ்சா முள்ளு ஏறுது, காஞ்சா எறங்குது. இத்தனைதானுங்க விஞ்ஞானம்!" என்றாள் மயிலாத்தாள். பேராசிரியர் பின்வாசலைத் தேடினார். அங்கேயும் தைலம் வாங்கியவர்கள் நின்றார்கள்.

சுப்பண்ணன் காலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஆசுபத்திரிக்குப் போலாம் அம்மணி" என்றார். கால் பிழைத்தது, இரண்டு விரல்கள் போயின.

டாக்டரைச் சந்தேகப்படுங்கள், ஐயா! தாராளமாகக் கேள்வி கேளுங்கள். ஆனால் அந்தச் சந்தேகத்தையே தைலமாக்கி உங்களிடம் விற்க வருகிறவனுக்கும் அதில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்!