பதினான்காம் பக்கத்தைக் காணவில்லை

சபை இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நம் போதகரின் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்கால்களும் கர்த்தர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் அச்சு இயந்திரமும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இயந்திரத்துக்குத் தனியாகவே வேண்டிக்கொண்டேன், காரணம் கீழே வருகிறது.

முதலில் எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். என் மூத்த பேத்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். அவள் கீழே இறங்கி வருவதற்குள் டீ ஆறிவிடும், அவ்வளவு உயரம். அடுத்தவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறான். ஊரில் பாதிப்பேருக்குப் பார்வை தெளிந்தது அவனால்தான், மீதிப்பேர் உங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துகிறார்கள் போலிருக்கிறது. மூன்றாமவள் நீச்சலில் வாங்கிய கோப்பையில்தான் நான் கரண்டிகளைப் போட்டு வைக்கிறேன். கடைசிப் பேரன் நம் போதகர். நாலு பேருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த ஐந்தையும் முழுசாகப் படித்தவள். அதனால்தான் பெண்கள் ஐக்கியத்தில் வேதம் வாசிக்கிற பொறுப்பு பதினெட்டு வருடமாக என்னிடம் இருந்தது. இருந்தது என்று எழுத வைத்துவிட்டீர்கள் ஐயா.

போன மாதம் ‘வீட்டில் கேட்ட பிரசங்கம்’ என்று பேரன் ஒரு கட்டுரை எழுதினான் அல்லவா, அதற்காக ஒரு நாள் முழுக்கச் சமையலறை மேசையில் பென்சிலோடு உட்கார்ந்துகொண்டு, நான் வாய் திறக்கும்போதெல்லாம் காகிதத்தில் கோடு போட்டான். “என்னடா கிறுக்குற?” என்றேன். “நீங்க எத்தனை தடவை பாவம்னு சொல்றீங்கன்னு எண்ணுறேன் பாட்டி” என்றான். நான் என்ன செய்ய, வாயில் அதுதான் வருகிறது. எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டதும் மழை கொட்டியது, பாவம் என்றேன். தெருவில் ஒருத்தருக்குச் செருப்பு அறுந்தது, பாவம். அடுப்பில் ரொட்டி கருகியது, பாவம், அதற்கு என்ன தெரியும். கோடு போட்டுப் போட்டுப் பிள்ளைக்குக் கை வலித்தது, அதற்கும் பாவம்தான், அதற்கும் ஒரு கோடு. மொத்தம் நாற்பத்தொன்று. இதைத்தான் நீங்கள் இப்படி அச்சடித்தீர்கள்: ‘என் பாட்டி பார்ப்பதற்குச் சாது. ஆனால் ஒரே நாளில் நாற்பத்தொரு பாவம். எல்லாம் என் கண் முன்னாலேயே. நான் எண்ணினேன். தொடர்ச்சி பதினான்காம் பக்கம்.’ ஐயா, உங்கள் இதழில் இருப்பதே பன்னிரண்டு பக்கம். அட்டையைப் பிரித்துக்கூடப் பார்த்தேன், தைத்திருந்த பின் ஊசிதான் விரலில் குத்தியது.

மறுநாள் தைலம் வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “மனசு ஏதாவது உறுத்துதா பாட்டி?” என்கிறார். “அதெல்லாம் பாவமில்லப்பா, பாவம்!” என்றேன். “பாவமில்ல, ஆனா பாவம்?” என்றார். “ஆமா, அந்தப் பாவமில்ல, இந்தப் பாவம்!” என்றேன். உடனே என் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றிவிட்டார், பாவம். ஆலய வாசலில் தபால்காரர் மனைவி, “நாப்பத்தொண்ணுமா? எனக்கெல்லாம் வீட்டு வேலைக்கே நேரம் பத்தல, உங்களால எப்படி முடியுது பாட்டி?” என்று கேட்டாள். பிறகு ஐக்கியத்தில் எல்லோரும் கூடிப் பேசி, “கொஞ்ச நாள் ஓய்வெடுங்க” என்று என் கையிலிருந்த வேதத்தை வாங்கி அவளிடமே கொடுத்தார்கள். எருசலேம் என்ற ஒரு சொல்லை அவள் மூன்று மூச்சில் வாசித்தாள். பாவம் என்று வாய்வரை வந்தது, மென்று விழுங்கினேன்.

ஆலயத்தில் பேரன் எனக்கு ‘ஐயா’, சமையலறையில் ‘டா’. அன்றைக்கு வாசற்படியிலேயே டா ஆரம்பித்துவிட்டது. “நான் முழுசாத்தான் குடுத்தேன் பாட்டி, அவங்கதான் பாதியை விட்டுட்டாங்க” என்று மிச்சத்தை எடுத்து வாசித்தான்: ‘செய்வதற்கும் பாவம் என்கிறோம், பார்த்து இரங்குவதற்கும் பாவம் என்கிறோம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். நாம் முதல் பாவத்தைச் செய்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும்போது, கடவுள் இரண்டாவதைச் சொல்கிறார் என்றே நம்புகிறேன். இறையியல் கல்லூரியில் நாலு வருடம் கிடைக்காத இது, கருகின ரொட்டியைப் பார்த்துப் பாட்டி சொன்னபோது கிடைத்தது.’ திட்டுவதற்கு இன்னும் பாதி வைத்திருந்தேன், மறந்துபோய்விட்டது.

ஆகவே ஐயா, அந்தப் பதினான்காம் பக்கத்தை இந்த மாதமே, முதல் பக்கத்தில், கண்ணாடி இல்லாதவர்களுக்கும் தெரிகிற எழுத்தில் போட வேண்டும். வேதம் என் கைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். உங்கள் எழுத்துகள் உதிராமலும் பக்கங்கள் குறையாமலும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரமும் சின்னவர்களுக்கு என் முத்தமும்.

இப்படிக்கு,
நாற்பத்தொன்றில் ஒன்றும் செய்யாத,
போதகரின் பாட்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். தபால்காரர் மனைவி. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “நாப்பத்தொண்ணு செஞ்சவங்க நீங்க, என்னைத் தப்பா நினைக்க மாட்டீங்க. நான் செய்யறது ஒண்ணே ஒண்ணுதான் பாட்டி” என்று அழுதுகொண்டே அதைச் சொன்னாள். அது என்ன என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். “பாவம்” என்றேன், அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எருசலேம் வந்தாலே மூச்சு முட்டுகிறது என்று வாசிக்கிற பொறுப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் போனதும் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், பேரனைத் தாண்டி நேராக என்னிடமே. ஆகையால் மேலே எழுதியதெல்லாம் வேண்டாம், பதினான்காம் பக்கத்தை அச்சடித்துவிடாதீர்கள். நான் நல்லவள் என்று தெரிந்தால் ஒருத்தரும் வரமாட்டார்கள், பாவம். ஆனால் கட்டுரைக்கு மேலே நீங்கள் போட்ட படத்தில் பேரன் முழுசாக இருக்கிறான், நான் முழங்கை மட்டும்தான். அடையாளம் தெரியாமல் ஒருவர் எதிர்வீட்டில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். கதவில் ஒட்டுவதற்கு, நான் முழுசாகத் தெரிகிற புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்புங்கள். ஏதாவது எழுதுவதானால் தபால் அட்டையில் எழுதாதீர்கள், உறைக்குள் போட்டு நாலு பக்கமும் ஒட்டி அனுப்பவும்; ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.