பஸ்தியாம்பிள்ளையும் ஒன்பது கொக்குகளும்

விசிறி என்றொரு சாதி உண்டு. புழுக்கத்துக்கு வீசுகிற விசிறியைச் சொல்லவில்லை. மைதானத்தின் ஓரத்தில் குளிரில் நின்று, ஒரு பந்தையும் தொடாமல், ஒரு அடியும் ஓடாமல், மாலையில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது "அப்பாடா, இண்டைக்கு நல்லா விளையாடினம்" என்று பெருமூச்சு விடுகிறாரே, அவரைச் சொல்கிறேன். இந்தச் சாதியைக் கண்டுபிடிப்பது சுலபம். இலக்கணத்தைக் கவனித்தால் போதும். வென்ற நாளில் "நாங்கள் வெண்டிட்டம்." தோற்ற நாளில் "அவங்கள் தோத்திட்டாங்கள்."

இந்தச் சாதியில் கலப்படமே இல்லாத ஒருவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் வால்தம்ஸ்டோவில் வாழ்ந்தார். பெயர் பஸ்தியாம்பிள்ளை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர், தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையைத் தவறவிடாதவர். அவருக்கு இந்தக் காய்ச்சல் எப்படிப் பிடித்தது என்று கேட்கிறீர்களா? பஸ்ஸில் ஒரு தரிப்பு முந்தி இறங்கியதால் பிடித்தது.

அருள்நேசன் என்ற சிநேகிதர், லீ ஆற்றோரத்துப் பார்க்கில் பழைய மாணவர்களின் கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது, வாருங்கோ அண்ணை என்று கூப்பிட்டிருந்தார். பஸ்தியாம்பிள்ளை இறங்கி நடந்தார், மைதானம் ஒன்று தெரிந்தது, தடியோடு ஆள் நிற்பதும் தெரிந்தது, இதுதான் என்று புல்லில் குந்தினார். கொஞ்சம் பொறுத்துத்தான் அந்தத் தடி உருண்டையாக இருப்பதைக் கண்டார். காசு மிச்சம் பிடிக்க உலக்கையால் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அது பேஸ்பால். அதுகூட அன்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்று: சட்டையில் கால் நீண்ட பறவை போட்டிருந்த அணியை மற்ற அணி போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தது. மற்ற அணியார் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பறவைக்காரர்கள் பந்தைத் துரத்தினார்கள், பந்து அவர்களை ஏமாற்றியது. கடைசியில் அவர்களில் ஒரு மொத்தமான ஆள், பின்னால் ஓடி, வாத்து எச்சத்தில் சறுக்கி, மல்லாக்க விழுந்தபடி பந்தைக் கையுறைக்குள் பிடித்துவிட்டான். பஸ்தியாம்பிள்ளை தன்னையறியாமல் எழுந்து கைதட்டினார். அந்தப் பெரிய பார்க்கில் கைதட்டியது அவர் ஒருவர்தான். ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விழுந்தவன் எழுந்து தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் வைத்தான்.

அவ்வளவுதான். கலியாணங்கூட இவ்வளவு கெதியாக நடப்பதில்லை.

அணியின் பெயர் லீ பிரிட்ஜ் ஹெரன்ஸ். விழுந்தவன் அதன் கப்டன், டெரி என்ற பிளம்பர். பஸ்தியாம்பிள்ளை அவர்களை "எங்கட கொக்குகள்" என்றார். ஹெரன் என்றால் நாரை அல்லவா என்று அருள்நேசன் திருத்திப் பார்த்தார். விசிறியைத் திருத்திய மனிதன் உலகத்தில் உண்டா?

ஜூன் மாதம் வருவதற்குள் அவர் அந்த ஆட்டத்தின் பேராசிரியர் ஆகிவிட்டார். செத்தவீட்டில் தேத்தண்ணிக்குக் காத்திருந்தவர்களுக்கு விளங்கப்படுத்தினார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கு விளங்கப்படுத்தினார். வீட்டில் மனைவி பியற்றிஸுக்கு, சோற்றுக் கோப்பையைச் சுற்றிச் சாமான்களை அடுக்கி விளங்கப்படுத்தினார்.

"இஞ்சேரும், இந்த உப்புப் போத்தல் முதலாம் தளம். ஊறுகாய் ரெண்டாம் தளம். சம்பல் மூண்டாம் தளம். உம்மட கோப்பைதான் வீடு. உப்பு, ஊறுகாய், சம்பல் எண்டு சுத்தி ஓடிக் கோப்பைக்கு வந்து சேந்தால் ஒரு ஓட்டம்."

"சம்பலை இங்கால தாருங்கோ, சோறு ஆறுது" என்றாள் பியற்றிஸ்.

கொக்குகள் எல்லா ஞாயிறும் தோற்றார்கள். அதனால் பஸ்தியாம்பிள்ளை சோர்ந்தார் என்றா நினைக்கிறீர்கள்? விசிறிக்கு வெற்றி தேவையில்லை, காரணம் இருந்தால் போதும். ஒரு கிழமை காற்று எதிர்க்காற்று. ஒரு கிழமை வெயில் கண்ணில் குத்தியது. ஒரு கிழமை நடுவர் எதிர்ப்பக்கத்தாரின் மச்சானாக இருக்கவேண்டும், மூக்கு ஒரே சாடை. காரணம் ஒன்றும் அகப்படாத கிழமையில் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். நீலச் சுவெட்டர் போட்டுக்கொண்டு போனது பிழை. ஐந்தாம் சுற்றில் கக்கூசுக்கு எழும்பியது பிழை.

ஓகஸ்ட் கடைசியில் டெரி அவரிடம் வந்து தலையைச் சொறிந்தான். அட்டவணையில் அடியிலே கிடக்கிறோம், கடைசி ஆட்டத்தையும் தோற்றால் கவுன்சில் இந்த இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடும், அணியைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்றான். பஸ்தியாம்பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை. மனிதரால் ஏலாத கட்டம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசையில், விசுவாசிகள் மன்றாட்டு வேளையில், அவர் எழுந்து மைக்குக்குப் போனார்.

"ஒன்பது இளைஞர்கள்" என்று தொடங்கியபோதே குரல் தழுதழுத்தது. "இந்த நாட்டிலை பெரிய கஷ்டத்திலை இருக்கிறார்கள். ஒருவரும் அவர்களை மதிக்கிறதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவர்கள் நிற்கிற இடத்தை விட்டே அனுப்பப் போகிறார்கள். எவ்வளவு ஓடியும் வீடு வந்து சேர முடியாமல் தவிக்கிற இந்தப் பிள்ளைகளைக் கைவிடாதிருக்கும்படி, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? இல்லை. ஆனால் அது என்ன காலம் என்பதை யோசியுங்கள். கோயிலில் இருந்த ஒவ்வொரு குடும்பத்திலும் அகதி மனுவுக்கு ஹோம் ஒபிஸ் தரும் பதிலுக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெடியனாவது இருந்தான். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் அதிர்ந்தது. பின்வரிசையில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

பூசை முடிந்ததும், மரியாயின் சேனையின் தலைவி றோஸ்மலர் அவரை வாசலில் மறித்தாள்.

"அண்ணை, பெடியள் எங்க நிக்கிறாங்கள்?"

"லீ பிரிட்ஜ் பக்கம். பார்க்கில."

"பார்க்கிலயோ?" றோஸ்மலரின் கை நெஞ்சுக்குப் போனது. "சாப்பாடு?"

"கையில கிடைக்கிறதைத் தின்னுறாங்கள்."

"உடுப்பு?"

"ஒரே உடுப்புத்தான். முழுக்கப் புழுதி."

"தாய் தேப்பன்?"

"ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கிறேல்லை."

சாப்பாடு என்ற கேள்வியிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. உடுப்பு என்ற கேள்வியில், ஒரு பெண்ணின் இரக்கத்தை இடையில் மறிப்பது பாவம் என்ற முடிவுக்கு வந்தார். அதோடு, கோயில் முழுக்க வந்து மைதான ஓரத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்ற ஒரு காட்சியும் அவர் கண்ணில் தோன்றியது. விசிறியின் மனச்சாட்சி அப்படித்தான், ஆட்டம் இல்லாத நாளில் மட்டும் விழிக்கும்.

வெள்ளிக்கிழமை விழித்தது. பியற்றிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு விசர் எண்டு தெரியும். இவ்வளவு எண்டு தெரியாது. இப்பவே றோஸ்மலருக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ."

அடித்தார். அவர் வாயைத் திறக்கமுன் றோஸ்மலர் சொன்னாள்: "அண்ணை, எல்லா வீட்டிலயும் சோத்துப் பார்சலுக்குச் சொல்லியாச்சு. கம்பளியும் சேத்தாச்சு. பாதரும் வாறார்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆட்டம் பாதி நடந்துகொண்டிருக்க, ஒரு மினிபஸ்ஸும் அதன் பின்னால் கார்களும் வந்து பார்க் வாசலில் நின்றன. சேலையும் அதன் மேல் குளிர்க்கோட்டுமாகப் பெண்கள் இறங்கினார்கள், பைகள் இறங்கின, கம்பளிகள் இறங்கின, கடைசியாகப் பாதர் செபமாலைமுத்து இறங்கினார். கணவருக்குக் காவலாகப் பியற்றிஸும் வேடிக்கை பார்க்க அருள்நேசனும் வந்திருந்தார்கள்.

"பெடியள் எங்க?" என்றாள் றோஸ்மலர்.

பஸ்தியாம்பிள்ளை மைதானத்தைக் காட்டினார். கோடு போட்ட காற்சட்டையில் ஒன்பது வெள்ளைக்காரர்கள். ஒருவன் காறித் துப்பினான்.

றோஸ்மலர் கையில் இருந்த கம்பளியை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"அண்ணை, இதுகள் வெள்ளையள்."

"கஷ்டம் எல்லாருக்கும் வரும்தானே, தங்கச்சி."

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "பஸ்தியாம்பிள்ளை, நீர் மைக்கில சொன்னது…"

"ஒரு சொல்லும் பொய்யில்லை, பாதர். நிக்கிற இடத்தை இண்டையோட எடுக்கப் போறாங்கள். வீடு எண்டது அந்தா, அந்த வெள்ளைத் தட்டு."

பாதருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று சொல்வது கஷ்டம். கிழமை முழுக்க அந்த ஒன்பது பேருக்காகச் செபமாலை சொன்ன மனிதர் அவர். றோஸ்மலர்தான் தீர்ப்புச் சொன்னாள். பஸ்தியாம்பிள்ளையைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும், ஆனால் சொன்னது இது: "உங்களோட பிறகு கதைக்கிறன். சமைச்ச சோத்தைத் திருப்பிக் கொண்டுபோற பழக்கம் எங்களிட்ட இல்லை."

சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே கொக்குகள் வந்து இருந்தபோது அவர்கள் நான்கு ஓட்டம் பின்னுக்கு நின்றார்கள். ஒவ்வொருவன் மடியிலும் ஒரு பார்சல் விழுந்தது. மறுக்க வழியில்லை, றோஸ்மலர் பக்கத்தில் நின்றாள். பந்து எறிகிற கெவின், சம்பலை ஏதோ கரட் என்று நினைத்து ஒரு கரண்டி நிறைய வாயில் போட்டான். அவன் கண்ணில் நீர் ஓடியது. காது சிவந்தது. அதற்குப் பிறகு அவன் எறிந்த பந்தை எதிர்ப்பக்கத்தார் ஒருவராலும் பார்க்கவே முடியவில்லை. மன்றாட்டின் வலிமை என்றார் பாதர். மிளகாயின் வலிமை என்றார் அருள்நேசன்.

ஒவ்வொன்றாக ஓட்டங்கள் சேர்ந்தன. அப்போதுதான் பஸ்தியாம்பிள்ளை ஒரு பயங்கரமான உண்மையைக் கண்டுபிடித்தார். றோஸ்மலரின் கண்ணுக்குத் தப்ப அவர் ஒரு மரத்தின் பின்னால் போய் ஒளித்தபோது கொக்குகள் ஓட்டம் எடுத்தார்கள். ஆவலில் எட்டிப் பார்த்தபோது அவுட்டானார்கள். மறுபடி ஒளித்தார், மறுபடி ஓட்டம். ஆக, மே மாதத்திலிருந்து அந்த அணியைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது காற்றுமல்ல, மச்சானுமல்ல. அவருடைய இரண்டு கண்கள்.

கடைசிச் சுற்று வந்தபோது ஆட்டம் சமநிலை. இனித் தடியெடுப்பது கொக்குகள், ஒரே ஒரு ஓட்டம் கிடைத்தால் போதும். சீசன் முழுக்கக் காத்திருந்த மனிதர் என்ன செய்தார்? மரத்தின் பின்னால் போய், பட்டையில் நெற்றியை முட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடினார்.

"பியற்றிஸ், என்ன நடக்குது?"

"ஒருத்தன் தடியோட நிக்கிறான். மொத்தமானவன்."

"டெரி. பிறகு?"

"அடிச்சிட்டான். ஓடுறான். விழுந்திட்டான். எழும்பி நிக்கிறான்."

"எங்க நிக்கிறான்?"

பியற்றிஸ் கொஞ்சம் யோசித்தாள். "உப்பில நிக்கிறான்."

பஸ்தியாம்பிள்ளை மரத்தைக் கட்டிப்பிடித்தார். இருபத்தைந்து வருட மணவாழ்க்கையில் அவள் இவ்வளவு அழகாக ஒரு வசனம் பேசியதில்லை.

"இப்ப வேற ஒருத்தன் உப்புக்கு வந்திட்டான், மொத்தமானவன் ஊறுகாய்க்குப் போறான். பொறுங்கோ, பொறுங்கோ. இன்னொருத்தன். இப்ப உப்பிலயும் ஆள், ஊறுகாயிலயும் ஆள், மொத்தமானவன் சம்பலில."

"கோப்பை?"

"கோப்பை வெறுங்கோப்பை."

அடுத்துத் தடியெடுத்து வந்தவன் கெவின், இன்னும் மூக்கை உறிஞ்சியபடி. றோஸ்மலர் செபமாலையை உரத்துத் தொடங்கினாள், பெண்கள் பதில் சொன்னார்கள். இது விளையாட்டுக்குச் சொல்கிற செபமல்ல என்று பாதர் முணுமுணுத்தார், ஆனால் அவருடைய உதடும் கூடவே அசைந்தது. எதிர்ப்பக்கத்தில் பந்து எறிபவன் இப்படியொரு பாட்டை எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. ஒரு பந்து அகன்று போனது. ஒரு பந்து நிலத்தில் குத்தியது. மூன்றாவது நேரே வந்து கெவினின் இடுப்பில் சடாரென்று மோதியது.

"ஐயோ, பெடியனுக்கு அடிச்சுப் போட்டான்" என்றாள் பியற்றிஸ். றோஸ்மலர் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, குடையைத் தூக்கியபடி மைதானத்துக்குள் இறங்கினாள்.

ஒன்றையும் பார்க்காத ஒரே மனிதருக்குத்தான் எல்லாம் விளங்கியது. "வெண்டிட்டம்" என்று மரத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, பிறகு அவரே வந்தார், கன்னம் முழுக்கப் பட்டைத் தூளும் கண்ணீருமாக. பாதருக்கு அவர் விளங்கப்படுத்திய முறை இன்றைக்கும் அந்தப் பங்கில் புகழ்பெற்றது. "பாதர், பந்து மேலில பட்டவனுக்கு முதலாம் தளம் சும்மா கிடைக்கும். ஊரிலயிருந்து புதுப் பெடியன் ஒருத்தன் அடிபட்டு வந்தால் என்ன செய்வம்? முன்னறையைக் குடுப்பம். முன்னறையில இருந்தவன் அந்தச் சின்னப் பெட்டியறைக்குப் போவான். பெட்டியறைக்காரன் மாடிக்குப் போவான். மாடியில இருந்தவனுக்கு இடமில்லை, அவன் தன்ர வீட்டுக்குப் போய்ச் சேருவான். இப்ப டெரி வீட்டுக்குப் போயிட்டான். அது ஓட்டம்."

பாதர் தலையை ஆட்டினார். அந்த வருடம் அவர் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் சிறந்தது என்று பிறகு சொன்னதாகக் கேள்வி.

டெரி றோஸ்மலரைத் தூக்கிச் சுற்றினான். தன்னை ஒரு ஆண் தூக்கியது அதுவே முதல் தடவை என்று அவள் கோபித்துக்கொண்டு, அவனுக்கு இரண்டாவது பார்சலைக் கொடுத்தாள். அணி பிழைத்தது. அடுத்த ஏப்ரலில் முதல் ஆட்டத்துக்கு மினிபஸ் தானாகவே வந்தது. அருள்நேசன் மடிக்கிற கதிரை ஒன்று வாங்கியிருந்தார், எதிர்க்காற்றைப் பற்றிக் கருத்தும் வைத்திருந்தார். பஸ்தியாம்பிள்ளை மட்டும் பாவம், சீசன் முழுக்க மரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த மரத்தின் பட்டையில் அவருக்குத் தெரியாத வரி இல்லை.

இப்படியும் ஒரு விசரனா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். பேஸ்பால் பார்த்ததில்லை, லீ பிரிட்ஜ் பக்கம் போனதில்லை, இந்த ஒன்பது பேரில் ஒருவனோடும் ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை, உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கெவின் தடியெடுத்து வந்தபோது எந்தப் பக்கம் வெல்லவேண்டும் என்று உங்கள் மனம் சொன்னது? பாருங்கள், அன்றைக்கு மைதானத்தில் இன்னொரு அணியும் இருந்தது. அவர்களும் வேலை செய்து களைத்த பெடியன்கள்தான், அவர்களுக்கும் தாய்மார் உண்டு, சோற்றுப் பார்சல்கூடக் கிடைக்கவில்லை, தோற்றுப்போய்ப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். அந்த அணியின் பெயரை நான் சொல்லவில்லை.

நீங்களும் கேட்கவில்லை.