மணி அடித்தால் போகும் முறை

இந்தச் சம்பவத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவள் என் அக்கா குன்னெல். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே சந்தேகம் அதிகமானது.

அக்கா நர்ஸ். வட சுவீடனில் ஓர் எலும்பு வார்டு. பராமரிப்பில் புதுமை மலர வேண்டும், சிறந்த வார்டுக்கு விருது என்று நிர்வாகம் அறிவித்தது. உடனே ஊழியர்கள் அனைவரும் வெள்ளைப் பலகை முன் வட்டமாக நின்று சிந்திக்கலானார்கள். ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை யாரும் நகரக்கூடாது. எங்கள் நாட்டில் கொலையை மன்னித்தாலும் வட்டத்தை விட்டு நகர்வதை மன்னிக்க மாட்டார்கள்.

நாலாம் அறையில் மணி அடித்தது. இடுப்பு எலும்பு மாற்றிய கிழவர் சிக்ஸ்டனுக்குக் கழிவறைக்குப் போக வேண்டும். தனியாக எழுந்தால் விழுவார்.

"சிந்தனையே கெடுது," என்றாள் புதுமை ஒருங்கிணைப்பாளர் லிஸ்பெத்.

"மணிச் சத்தத்துக்குப் பதிலா இளநீல விளக்கு வைக்கலாமே?" என்றார் வட்டத்தில் ஒருவர்.

"அருமை! சீட்டுல எழுதிப் பலகையில ஒட்டு," என்றாள் லிஸ்பெத்.

மணி நிற்கவில்லை. குன்னெல் தன் முறை வருமுன்பே வட்டத்தை விட்டுப் போய்விட்டாள்.

"தோளைப் பிடிச்சுக்குங்க, சிக்ஸ்டன்."

"மீட்டிங் முடிஞ்சிருச்சா?"

"இல்லை."

"அடிப்பாவி! உன் வேலை போயிடுமே!"

அவள் திரும்பியபோது வட்டம் உறைந்து நின்றது.

"இப்ப என்ன பண்ணின?" என்றாள் லிஸ்பெத்.

"மணி அடிச்சுது. போனேன்."

"யாரையும் கேக்காம? நடந்தா?"

"பின்னே, பறந்தா?"

லிஸ்பெத்துக்குக் கண் கலங்கியது. "எல்லாரும் கேட்டீங்களா? இதுதான் புதுமை!"

'நேரடி மனித வருகை முறை' என்ற பெயரில் அது விருது பெற்றது. பாதாம் பசை போர்த்திய பச்சை மார்சிபன் கேக் வெட்டினார்கள். குன்னெலை வார்டு வேலையிலிருந்து விடுவித்து, ஊர் ஊராகப் பயிற்சி தர அனுப்பினார்கள். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு கன்னத்தில் ஒலிவாங்கி மாட்டி, இல்லாத மணிக்கு எல்லோரையும் நடக்கவைத்தாள். எங்கள் ஊர் நூலகத்தில் நானும் நடந்தேன். கை தட்டினேன். அப்போதும் நம்பவில்லை.

போன மாதம் என் இடுப்பு எலும்பை மாற்றினார்கள். அதே வார்டு, அதே நாலாம் அறை. காலையில் காபி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பொத்தானை அழுத்தினேன். இளநீல விளக்கு மிக அழகாக எரிந்தது. யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். கடைசியில் அக்காவுக்கு போன் செய்தேன்.

"வார்டுல ஒருத்தரையும் காணோமே?"

"எல்லாரும் இங்க கீழ் மாடியில, என் பயிற்சியிலதான் இருக்காங்க. வட்டமா நின்னு பேசிட்டிருக்கோம்."

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்:

"அக்கா, இன்னும் எத்தனை பேர் பேசணும்?"