கீழே ஆள் இல்லாத டிஷ்

கச்சிராயபாளையம்,
கார்த்திகை 12

அன்புள்ள பச்சையம்மாளுக்கு,

உன் வீட்டுக்காரன் தீனதயாளன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முன்பாதி பொய்யாகிவிடும் என்பதால் பின்பாதியை மட்டும் எழுதுகிறேன்: நலமறிய ஆவல். மகள் அபிநயா, மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் ஓசூரில் சுகமாக இருக்க அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போன் பண்ணினால் அபிநயா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை வேறு பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, சாப்ட்டீங்களா?" என்கிறார். ஸ்பீக்கரில் நான் எதைப் பேசுவேன்?

விஷயம் டிஷ் பற்றியது. ஆடிக் காற்றில் அது திரும்பிக்கொண்டதும், அடுத்த வாரமே பேத்திக்குச் சளி, பத்து நாளில் வந்துவிடுவேன் என்று நீ பஸ் ஏறியதும் நினைவிருக்கும். நாலு மாசம் ஆகிறது. எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டதற்கு, "படம் தெரியாத வூட்ல வந்து இன்னா, சுவத்தையா பாத்துக்கினு இருக்கிறது? டிஷ்ஷ சரி பண்ணுங்க, வர்றேன்" என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் சிரிக்கவில்லை.

அன்றே கள்ளக்குறிச்சி போய் கலீலுல்லா பாய் கடையில் டிஷ் முன்னால் மாட்டுகிற எல்என்பி ரெண்டு, அந்த ரெண்டையும் டிவி பாக்ஸோடு சேர்க்கிற நாலு ஓட்டை சுவிட்ச் ஒன்று, ஒயர் எல்லாம் புதுசாக வாங்கி வந்தேன். பழசையும் புதுசையும் கூடத்தில் பரப்பி ஒவ்வொன்றாக மாற்றி மாட்டி, பாக்ஸ் செட்டிங்கில் எந்த ஓட்டை என்று சொல்ல போர்ட் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். டிவியில் ரெண்டு கோடு. ஸ்ட்ரெங்த் எண்பது, குவாலிட்டி சைபர். கரண்ட் போகுது, படம் வரலை என்று அர்த்தமாம். நானும் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். டீக்கடையில் ஒருத்தன் கல்வராயன் மலை மறைக்கிறது என்றான். "மலை மேக்கால இருக்குது, டிஷ் தெக்கால பாக்குதுய்யா!" என்று அவனோடு சண்டை போட்டுவிட்டு மறுபடி பாயிடம் போனேன். "அண்ணே, சாமான்ல கோளாறு இல்லீங்க. இது ஒண்டியா பண்ற வேலையா? மேல ஒருத்தர் திருப்பணும், கீழ ஒருத்தர் பாத்து சொல்லணும். அண்ணி இன்னும் வரலியா?" என்றார்.

பதினெட்டு வருஷமாக நான் மாடியிலிருந்து "வந்துச்சா?" என்றால், நீ அடுப்படியில் இருந்தபடி டிவியைப் பார்க்காமலே "வந்துச்சு, வந்துச்சு" என்பாய். பாதி நாள் வந்திருக்காது. ஆனாலும் குரல் வரும். போன வாரம் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு பழக்கதோஷத்தில் "வந்துச்சா?" என்று கத்திவிட்டேன். "வந்துடுச்சு!" என்று ஒரு குரல். அப்படியே நட்டை முறுக்கிவிட்டு ஓடி இறங்கினால் டிவியில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு நிர்மலா, குழாயில் தண்ணி வந்துவிட்டதைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் நட்டைத் தொடாமலே, சும்மா அந்தக் குரலுக்காக இன்னொரு தரம் கத்தினேன். தண்ணியைத்தான் கேட்கிறேன் என்று தெருவே குடத்தோடு வந்து காய்ந்த குழாயடியில் நின்றுவிட்டது. "வூட்ல ஆளே இல்ல, யாரக் கேக்குறீங்க மாமா?" என்றாள் நிர்மலா.

ஆகவே டிஷ் சரியாக நீ வர வேண்டும். நீ வர டிஷ் சரியாக வேண்டும். இதற்கு நீதான் யோசித்து ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

பேத்திக்கு முத்தம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தீனதயாளன்

பி.கு.: மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. படம் புதன்கிழமையே வந்துவிட்டது. நிர்மலா கத்தினபோது நான் நட்டை முறுக்கிய இடத்திலேயே டிஷ் சரியாகத்தான் நின்றிருக்கிறது. ஒயரை ஒன்றாம் ஓட்டையில் மாட்டிவிட்டு பாக்ஸில் ரெண்டு என்று வைத்திருந்தேன், அவ்வளவுதான். குவாலிட்டி எழுபது. உன் சீரியலில் அந்த மாமியார் இன்னும் சாகவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், பயம். படம் வந்துச்சுன்னு சொல்லியும் நீ வரலைன்னா, அப்புறம் நான் எதைப் போய் ரிப்பேர் பண்ணுவேன்? இப்போது சொல்லிவிட்டேன். வர்றியா பச்சை? ஸ்பீக்கரில் போடாமல் சொல்லு.