ஆட்டின் நான்கு வயிறும் என் ஒரே வாயும்

படித்ததையெல்லாம் யாரிடமாவது ஒப்பித்துவிடத் துடிக்கும் வயது ஒன்று உண்டு. எனக்கு அது என் கல்யாணப் பேச்சு முடிந்த அன்று உச்சத்தில் இருந்தது.

விலங்கியல் முதுகலை அப்போதுதான் முடித்திருந்தேன் (மெடல் எதுவும் இல்லை, நடை மட்டும் அப்படி). மாப்பிள்ளை வீட்டார் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர்கள். பேசி முடித்ததும் எங்கள் வீட்டில் அவர்கள் கை நனைக்க வேண்டும். சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அதற்காக அப்பா காலையிலேயே ஆட்டுக்குடல் வாங்கி வந்து, தானே சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவினார். விரலெல்லாம் வெந்துபோயிற்று.

இலையில் குடல் வறுவல் விழுந்தது. வருங்கால மாமியார் அதைக் காட்டி, "இது ஏம்மா டவலு மாதிரி சொரசொரன்னு இருக்கு?" என்று அன்பாகத்தான் கேட்டார். சாப்பிடுங்க அத்தை என்றிருந்தால் போதும்.

நான் தொண்டையைச் செருமினேன். ஆட்டு வயிற்றுக்கு நாலு அறை, இது முதல் அறை, மேய்ந்த புல் இங்கேதான் ஊறிப் புளிக்கும் என்றேன். புளித்ததை ஆடு திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும், வாந்தி போலிருக்கும், ஆனால் வாந்தி இல்லை என்றும் விளக்கினேன் (ஆறுதலாம்!). தேன்கூடு போன்றது இரண்டாவது, ஏடு ஏடாக இருப்பது மூன்றாவது, நமக்குப்போல அமிலம் சுரப்பது நாலாவது. அத்தோடு விட்டேனா? பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிவிடும், அதனால்தான் புழுக்கை அத்தனை கெட்டி என்று முடித்தேன்.

தினமும் மீன் குடலோடு புழங்கும் அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். "பசியில்லீங்க, இன்னொரு நாள் வர்றோம்" என்று எழுந்தார். வரிசையே எழுந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. கரண்டியோடு நின்று இலைகளைப் பார்த்தார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பிசைந்து, அந்த முதல் அறையை வாயில் போட்டு மென்றார். "நல்லா வெந்திருக்கு மாமா, இன்னும் கொஞ்சம் வைங்க."

பிள்ளையே கை நனைத்த பிறகு தாய் என்ன செய்வார்? மோர்ச்சோறு போதும் என்று திரும்ப உட்கார்ந்தார்.

இன்றும் எந்த விருந்திலும் நான் இட்லித் தட்டோடு வந்தால்கூட, "இருடி, நாங்க சாப்ட்டு முடிச்சிடுறோம், அப்புறம் பாடம் எடு" என்பார் மாமியார். எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். அவர் விரல்களை மட்டும் நான் பார்ப்பதில்லை.